மல்லி மணக்கும் கோல்டு ஃபோம் சொதப்பினால் எங்கே பார்ப்பது

கத்திரி தொடங்கிவிட்டால் தண்டையார்பேட்டையில் எங்கள் வீட்டு அடுப்படி பகல் 2 மணிக்கு, அடுப்பு எரியாமலேயே அனலடிக்கும். அந்த நேரத்தில் சூடான காபி உள்ளே இறங்காது. காபி இல்லாமலும் பொழுது நகராது. ஃபில்டர் டிகாஷனில் ஐஸ் காபி போட்டு, அதன் மேல் மல்லியோ பன்னீர் ரோஜாவோ மணக்கும் கோல்டு ஃபோமை, அதாவது குளிர்ந்த பாலை அடித்து எடுக்கும் நுரையை, ஊற்றிக் குடிக்க ஆரம்பித்து எனக்கு இது மூன்றாவது கோடை. முதல் கோடையில் பாதி நாள் நுரை நிற்கவில்லை. நுரை நின்ற நாட்களில் வாசம் வரவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை கீழ்வீட்டு அக்கா கையில் டம்ளரோடு மாடி ஏறி வந்தார். "இன்னாம்மா இது, நீ ஊத்தனா கெட்டியா நிக்குது, நான் ஊத்தனா பாலாட்டம் உள்ள போவுது?" என்றார். "எந்த பாக்கெட் பால்க்கா?" என்று கேட்டேன். ஆரஞ்சு பாக்கெட் என்றார். பாதி விடை அங்கேயே கிடைத்துவிட்டது. மீதியை அவருக்கு வாயால் சொன்னேன், இங்கே முழுதாக எழுதிவிடுகிறேன்.

ஒன்றை மட்டும் முதலில் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நுரை ஒரு வேலை, மணம் இன்னொரு வேலை. நுரையைத் தாங்குவது பாலின் புரதமும் குளிர்ச்சியும். மணத்தைத் தாங்குவது சர்க்கரைப் பாகு. பூவைப் பாலிலேயே போட்டுக் காய்ச்சி, ஆறவைத்து, அதையே அடித்து நுரையாக்கப் பார்த்தால், கெட்டது பாலா பூவா என்றே தெரியாது. இரண்டையும் தனித்தனியாகத் தயார் செய்து கடைசியில் சேர்த்தால் எந்தக் கோளாறையும் ஐந்து நிமிடத்தில் பிடித்துவிடலாம்.

நான் போடும் அளவு இது. காய்ச்சி, ஆடை எடுத்து, இரவு முழுக்க ஃப்ரிட்ஜில் இருந்த பால் 100 மில்லி. அதில் 1 டீஸ்பூன் ஸ்கிம் மில்க் பவுடர், 2 டீஸ்பூன் பூப்பாகு. ஒடுங்கிய, உயரமான எவர்சில்வர் டம்ளரில் பேட்டரி விஸ்க்கால் 40 விநாடி. 2 கிளாஸ் காபிக்கு இது போதும்.

எது கெட்டிருந்தாலும் முதல் சோதனை ஒன்றுதான். வெறும் பாலை மட்டும், பாகும் பவுடரும் இல்லாமல், அதே டம்ளரில் அதே விஸ்க்கால் அடித்துப் பாருங்கள். ஸ்பூனின் முதுகில் கொஞ்சம் நுரையை எடுத்துச் சாய்த்துப் பிடியுங்கள். அது வழியாமல் ஒட்டிக்கொண்டு நின்றால் பாலிலும் பாத்திரத்திலும் கோளாறு இல்லை, பாகு பக்கம் போய்த் தேடலாம். வெறும் பாலே நுரைக்கவில்லை என்றால் பூவை விட்டுவிட்டு அடுத்த பகுதியைப் படியுங்கள்.

நுரையே எழவில்லை

பத்துக்கு எட்டு முறை காரணம் கொழுப்பு, சூடு, எண்ணெய்ப் பிசுக்கு இந்த மூன்றில் ஒன்று.

கொழுப்பை எடுத்துக்கொள்வோம். கெட்டிப் பால் என்றால் கெட்டி நுரை வரும் என்று நாம் நினைக்கிறோம். நடப்பது நேர் எதிர். காற்றுக் குமிழியைச் சுற்றிப் பாலின் புரதம் மெல்லிய தோலாகப் படிவதால்தான் நுரை நிற்கிறது. கொழுப்பு அந்தத் தோலில் இடம்பிடித்துக்கொண்டால் குமிழி உடைந்துவிடும். பாக்கெட் மேலே எழுதியிருப்பதைப் பாருங்கள். நிறைகொழுப்புப் பாலில், அதாவது ஆவின் ஆரஞ்சு பாக்கெட்டில், 6 சதவீதம் கொழுப்பு. நிலைப்படுத்திய பாலில் 4.5. சமன்படுத்திய பாலில், அதாவது நீல பாக்கெட்டில், 3. இருமுறை சமன்படுத்திய பாலில் 1.5 சதவீதம்தான், ஆனால் கொழுப்பல்லாத திடப்பொருள் 9 சதவீதம் இருக்கும். புரதம் இருப்பது அந்த 9 சதவீதத்துக்குள். அதனால் இருமுறை சமன்படுத்திய பால் கிடைத்தால் அதுதான் முதல் தேர்வு. கிடைக்காவிட்டால் ஆவின் நீல பாக்கெட், கூட ஒரு ஸ்பூன் ஸ்கிம் மில்க் பவுடர். ஆரஞ்சு பாக்கெட்டைப் பாயசத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். 2018இல் ஸ்டார்பக்ஸ் அமெரிக்கா முழுக்க இந்த நுரையைக் கொண்டுவந்தபோது, அதையும் கொழுப்பு நீக்கிய பாலில்தான் செய்தார்கள்.

பவுடர் வாங்கும்போது ஒரு கவனம் வேண்டும். டீக்கடையில் போடும் டெய்ரி ஒயிட்னர் வேறு, ஸ்கிம் மில்க் பவுடர் வேறு. ஒயிட்னரில் சர்க்கரையும் கொழுப்பும் சேர்ந்திருக்கும், நமக்கு வேண்டிய புரதம் அந்த அளவுக்குக் குறைந்துவிடும்.

அடுத்தது சூடு. இங்கே ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த பால் மேடையில் பத்து நிமிடம் இருந்தாலே குளிர்ச்சி போய்விடும். குளிரில் பாலின் கொழுப்பு உறைந்த மணிகளாகத் தன் பாட்டுக்கு இருக்கும். வெதுவெதுப்பான பாலில் அது பாதி உறைந்தும் பாதி உருகியும் கிடந்து குமிழிகளை உடைக்கும். ஆகவே பாலை ஃப்ரிட்ஜ் கதவில் வைக்காதீர்கள். கதவைத் திறந்து மூடும் ஒவ்வொரு முறையும் வெளிக்காற்று முதலில் படும் இடம் அது. உள்ளே, பின்சுவரை ஒட்டி வையுங்கள். நுரை அடிக்கும் டம்ளரையும் 10 நிமிடம் ஃப்ரீசரில் வைத்து எடுங்கள். எடுத்ததும் அதன் வெளிப்பக்கம் பனி பூத்து வேர்க்க ஆரம்பிக்கும். அந்த வேர்வை வழிந்து சொட்டுவதற்குள் நுரை அடித்து முடித்திருக்க வேண்டும். எனக்கு அதுதான் கடிகாரம்.

எண்ணெய்ப் பிசுக்கை நான் கஷ்டப்பட்டுத்தான் கற்றுக்கொண்டேன். ஒரு நாள் பேட்டரி தீர்ந்துவிட்டதே என்று மிக்ஸியின் சின்ன ஜாரில் பாலை அடித்தேன். முந்தின நாள் அதே ஜாரில்தான் மீன் குழம்புக்குத் தேங்காய் அரைத்திருந்தேன். கழுவித்தான் வைத்திருந்தேன், ஆனாலும் பிளேடுக்கு அடியில், ரப்பர் வாஷர் ஓரத்தில், கண்ணுக்குத் தெரியாத எண்ணெய் இருந்திருக்கிறது. பால் சுழன்று சுழன்று பாலாகவே இருந்தது. வாசத்தைச் சொல்லவே வேண்டாம். அன்றிலிருந்து நுரைக்கென்று ஒரு டம்ளரை ஒதுக்கிவிட்டேன். அதில் குழம்பும் ஊற்றுவதில்லை, நெய்யும் உருக்குவதில்லை. விஸ்க்கின் கம்பிச் சுருளையும் வெந்நீரில் சுழலவிட்டுக் கழுவுங்கள். சோப்பு மிச்சம் இருந்தாலும் பால் நுரைக்காது, அதனால் இரண்டு தண்ணீர் அலசுங்கள்.

இந்த மூன்றும் சரியாக இருந்தும் நுரை வரவில்லையா? பாலின் வயதைப் பாருங்கள். கறந்த பாலை வாங்கிக் காய்ச்சாமல் அரை நாள் வைத்திருந்தாலோ, பாக்கெட் பால் நீண்ட நேரம் வெளியே கிடந்திருந்தாலோ, கொழுப்பு சிதைந்து அமிலங்கள் பிரிய ஆரம்பித்திருக்கும். குடித்தால் வித்தியாசம் தெரியாது, நுரையில் தெரிந்துவிடும். அந்தப் பாலைத் தயிருக்கு உறை ஊற்றிவிட்டு வேறு பாக்கெட்டைப் பிரியுங்கள்.

காய்ச்சின பாலில் நுரை வராது என்று சிலர் சொல்வார்கள். தாராளமாக வரும். ஆடையை முழுக்க எடுத்துவிட வேண்டும், அவ்வளவுதான். நான் காய்ச்சின பாலை ஆறவைத்து, ஃப்ரிட்ஜில் வைத்து, மறுநாள் ஒரு முறை டீ வடிகட்டியில் ஊற்றி எடுக்கிறேன்.

நுரை வருகிறது, ஆனால் பாத்திரம் கழுவும் நுரை மாதிரி பெரிய பெரிய குமிழி

இது கைப்பழக்கம். விஸ்க்கின் சுருளை முதல் 15 விநாடி பாலின் மேல்மட்டத்தை ஒட்டிப் பிடியுங்கள். கரகரவென்று சத்தம் கேட்கும், அப்போதுதான் காற்று உள்ளே போகிறது. பால் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு ஆனதும் சுருளை மெதுவாகக் கீழே இறக்குங்கள். சத்தம் அடங்கி ஒரு மெல்லிய முனகலாக மாறும். அதன் பிறகு புதுக் காற்று போகாது, உள்ளே இருக்கும் பெரிய குமிழிகள் சின்னதாக உடைபடும். கடைசி வரை மேலேயே வைத்துக்கொண்டிருந்தால் காற்றுதான் ஏறிக்கொண்டே போகும்.

முடித்ததும் டம்ளரை மேடையில் இரண்டு தட்டுத் தட்டி, 20 விநாடி விட்டுவிடுங்கள். மேலே மிஞ்சிய பெரிய குமிழிகள் தாமாக வெடித்துவிடும்.

விஸ்க் இல்லாதவர்கள் மூடி இறுக்கமான கண்ணாடி ஜாரில் கால் பங்கு பாலை ஊற்றி ஒரு நிமிடம் வேகமாகக் குலுக்கலாம். பழைய மத்தும் வேலை செய்யும். பாட்டி காலத்து மர மத்தைவிடப் பல்லுள்ள எவர்சில்வர் மத்து நல்லது, மரம் மோர் வாசத்தை விடாது. மிக்ஸியை நான் சிபாரிசு செய்ய மாட்டேன், மோட்டார் சூடு பாலில் இறங்கும்.

எழும்பி நிற்கிறது, இரண்டு நிமிடத்தில் உட்கார்ந்துவிடுகிறது

நுரையிலிருந்து பால் கீழே வடிவதைத்தான் உட்காருவது என்கிறோம். வடிவதைத் தாமதப்படுத்த வேண்டும் என்றால் பால் கொஞ்சம் கெட்டியாக, பிசுபிசுப்பாக இருக்க வேண்டும். அதற்குத்தான் பாகு. சர்க்கரையை அப்படியே போட்டால் குளிர்ந்த பாலில் கரையாமல் அடியில் மணலாகத் தங்கும். 1 பங்கு சர்க்கரை, 1 பங்கு தண்ணீர், ஒரு கொதி, பிறகு ஆறவைத்தது, இதுதான் அடிப்படைப் பாகு.

பாகு இருந்தும் உட்கார்ந்தால் ஒரு டீஸ்பூன் பாகைக் குறைத்துக்கொண்டு அந்த இடத்தில் ஒரு டீஸ்பூன் கண்டென்ஸ்டு மில்க் சேருங்கள். சர்க்கரையும் பால் புரதமும் ஒன்றாக அதில் இருக்கின்றன. விருந்தாளிகள் வரும் நாளில் நான் இதைத்தான் செய்கிறேன், ஐந்தாறு கிளாஸ் போட்டு முடிக்கும் வரை முதல் கிளாஸின் நுரை கலையாமல் இருக்க வேண்டுமே.

கரண்ட் போய் வந்த மதியங்களில் நுரை நிற்காது. ஃப்ரிட்ஜ் ஓடுகிறதே என்று நம்பாமல் பால் பாத்திரத்தைத் தொட்டுப் பாருங்கள். விரல் சில்லிடவில்லை என்றால் பாலை 15 நிமிடம் ஃப்ரீசரில் வைத்துவிட்டு ஆரம்பியுங்கள்.

திட்டுத் திட்டாகக் கட்டி விழுகிறது, டம்ளர் ஓரத்தில் வெண்ணெய் ஒட்டுகிறது

க்ரீம் சேர்த்தவர்களுக்கு இது வரும். கூடுதலாக அடித்துவிட்டீர்கள், கொழுப்பு திரண்டு வெண்ணெயாகப் போகிறது. திரும்ப நுரையாக்க முடியாது.

கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் ஃப்ரெஷ் க்ரீமில் 25 சதவீதம் கொழுப்பு. தனியாக அடித்தால் அது நிற்கவே நிற்காது, நிற்க 30 சதவீதத்துக்கு மேல் வேண்டும். நிற்கவில்லையே என்று அடித்துக்கொண்டே போய்த்தான் பலர் வெண்ணெயில் முடிக்கிறார்கள். 1 பங்கு க்ரீமுக்கு 2 பங்கு நீல பாக்கெட் பால் கலந்து அடியுங்கள். ஏறத்தாழ 10 சதவீதக் கொழுப்பில், பாயசம் போல மெதுவாக வழிகிற கெட்டி நுரை கிடைக்கும். காபிக்குள் வெள்ளைக் கோடு கோடாக இறங்கும், பார்க்க அழகு. ஆனால் கொழுப்பு மணத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும், மூக்குக்கு விடாது. க்ரீம் நுரைக்குப் பூப்பாகை ஒன்றரை மடங்காக்குங்கள். மல்லிக்கு நான் க்ரீம் போடுவதே இல்லை, ரோஜாவுக்குப் போடுவேன்.

கேக் கடைக்காரர்கள் பயன்படுத்தும் பாலில்லாத விப்பிங் க்ரீம் இந்த வெயிலிலும் நிற்கும், உண்மைதான். நாக்கில் ஒரு படலம் போட்டுவிடும், பூவும் தெரியாது, காபியும் தெரியாது.

நுரை நன்றாக இருக்கிறது, காபியில் ஊற்றினால் மூழ்கிவிடுகிறது

காபி சூடாக இருக்கிறது. டிகாஷனை இறக்கி உடனே ஐஸில் ஊற்றினால் ஐஸ் கரைந்து மேல்மட்டம் வெதுவெதுப்பாக நிற்கும், நுரை தொட்ட இடமெல்லாம் உடையும். டிகாஷனைக் காலையிலேயே இறக்கி, ஃப்ரிட்ஜில் வைத்துவிடுங்கள். முதல் டிகாஷன் மட்டும் போதும், ஐஸ் கரைந்தாலும் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். இனிப்பு வேண்டுமென்றால் டிகாஷன் சூடாக இருக்கும்போதே சர்க்கரையைக் கலந்துவிடுங்கள். இனிப்புச் சேர்ந்த காபி கனமாகிவிடும், நுரை அதன் மேல் இன்னும் நன்றாக மிதக்கும். கருப்பட்டி வேண்டாம், அதன் மணம் பூவை விழுங்கிவிடும்.

கிளாஸில் ஐஸ் மேல்மட்டம் வரை இருக்கட்டும். காபியின் மேல் ஒரு விரல் இடம் விட்டு, ஸ்பூனைக் கவிழ்த்துப் பிடித்து அதன் முதுகில் நுரையை ஊற்றுங்கள். ஐஸ்கட்டிகள் தலை நீட்டிக்கொண்டிருந்தால் நுரை அவற்றின் மேல் உட்காரும்.

வாசமே வரவில்லை

இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் இதற்காகத்தானே இவ்வளவும்.

குளிர்ந்த பொருளில் மணம் எழும்புவது குறைவு. பாகை வெளியில் வைத்து நக்கிப் பார்த்து, சரியாக இருக்கிறது என்று தோன்றினால் நுரையில் அது போதாது. நக்கிப் பார்க்கும்போது கொஞ்சம் தூக்கலாக இருக்க வேண்டும்.

மல்லியைக் கொதிக்க வைத்தவர்களுக்கு மணம் வராது, வெந்த கீரை வாசம்தான் வரும். மல்லிக்கும் ரோஜாவுக்கும் குணம் வேறு. பன்னீர் ரோஜாவின் மணம் பறித்ததிலிருந்து குறைந்துகொண்டே போகும், அதனால் பறித்த கையோடு அதைப் பாகில் போட வேண்டும். மல்லியைப் பறித்த பிறகும் மொட்டு உயிரோடு இருக்கும், இரவில் விரியும், விரிய விரிய மணத்தை விட்டுக்கொண்டே இருக்கும். தலையில் வைத்த மொட்டுச் சரம் ராத்திரி பத்து மணிக்கு அறை முழுக்க மணப்பது அதனால்தான். அந்த ராத்திரி மணத்தைத்தான் பாகில் பிடிக்க வேண்டும்.

நான் செய்வது இப்படி. நன்றாக ஆறிய பாகு 100 மில்லியை அகலமான எவர்சில்வர் டப்பாவில் ஊற்றுவேன். சாயங்காலம் 6 மணிக்கு மாடித் தொட்டியிலிருந்து விரியாத, வெளுத்த, பருத்த மொட்டுகளாக இருபதைக் கிள்ளி, காம்பின் பச்சையை நீக்கி, மெல்லிய வெள்ளைத் துணியில் தளர்வாகக் கட்டி, பாகின் மேல் தொங்கும்படி டப்பாவின் விளிம்பில் துணியை மடித்து மூடிவிடுவேன். பூ பாகைத் தொட வேண்டிய தேவையே இல்லை. மொட்டுகளைப் பாகிலேயே மிதக்க விட்டாலும் தப்பில்லை, ஆனால் விடிந்தும் எடுக்க மறந்தால் இதழ் பழுப்பாகிப் பாகில் ஒரு அழுகல் சாயை ஏறிவிடும். துணியில் கட்டினால் அந்தப் பயம் இல்லை. காலை 5 மணிக்கு மூடியைத் திறக்கும்போது முகத்தில் அடிக்கிற மணத்துக்காகவே இதைச் செய்யலாம். துணிக்குள் மொட்டெல்லாம் விரிந்து, ஒன்றோடொன்று ஒட்டி, ஈரமாகக் கிடக்கும். பூவை எடுத்துவிட்டு அன்று சாயங்காலம் புது மொட்டுகளோடு இன்னொரு முறை. இரண்டு இரவு வைத்தால்தான் காபிக்கு ஈடுகொடுக்கும். பாகை ஃப்ரிட்ஜில் வைத்து ஒரு வாரத்துக்குள் தீர்த்துவிடுங்கள்.

கடைப் பூவில் செய்யக் கூடாதா என்று எல்லோரும் கேட்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். மல்லித் தோட்டங்களில் மொட்டுப் புழுவுக்காகப் பூச்சிமருந்து அடிப்பது வழக்கம். தலைக்கும் சாமிக்கும் என்று வளர்த்த பூ அது, சாப்பாட்டுக்கு என்று வளர்த்தது கிடையாது. பாரிமுனைக்குப் போகும்போது பூக்கடை பக்கம் சாக்குச் சாக்காக மல்லியைப் பார்த்தால் எனக்கும் கை நீளும். மொத்தச் சந்தை 1996இல் கோயம்பேட்டுக்குப் போன பிறகும் பத்ரியன் தெருவில் பூ வாசம் போகவில்லை. ஆனாலும் வாய்க்குப் போவது தொட்டிப் பூ மட்டும்தான். 2013இல் புவிசார் குறியீடு வாங்கிய மதுரை மல்லியும் நம் மாடியில் வளரும் குண்டுமல்லியும் ஒரே இனம்தான். பங்குனியிலிருந்து ஆனி வரை நன்றாகப் பூக்கும், ஐஸ் காபி குடிக்கிற காலமும் அதுதானே. 12 அங்குலத் தொட்டி, நாள் முழுக்க வெயில், மருந்து அடிக்காமல் வளர்த்தால் போதும்.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்கிறேன். வீட்டில் பறித்த பூவெல்லாம் சாப்பிடும் பூவல்ல. அரளியும் பொன்னரளியும் விஷம். நித்தியகல்யாணியும் வேண்டாம். பூஜைக்குப் பறித்த கலவைக் கூடையிலிருந்து ஒரு கை அள்ளிப் பாகில் போடாதீர்கள். பிள்ளைகளிடமும் சொல்லி வையுங்கள்.

தொட்டி இல்லாதவர்களுக்கு ஒரு நல்ல வழி இருக்கிறது. மல்லி மணம் ஏற்றிய கிரீன் டீ. இலையை மொட்டுகளோடு இரவில் சேர்த்து வைத்து மணம் ஏற்றுவதுதான் அதன் பழைய முறை, நம் டப்பா வேலை மாதிரியேதான். 100 மில்லி தண்ணீரைக் கொதிக்கவிட்டு இறக்கி, இரண்டு நிமிடம் ஆறவிட்டு, 2 பை போட்டு 3 நிமிடம். எடுத்துவிட்டு 100 கிராம் சர்க்கரையைக் கரையுங்கள்.

பூப்பாகு நன்றாக இருந்தும் கிளாஸில் மணம் தெரியாவிட்டால் டிகாஷனைப் பாருங்கள். சிக்கரி அதிகமுள்ள பொடியில் மல்லி நிற்காது. காபி சிக்கரிக் கலவையில் காபி குறைந்தது 51 சதவீதம் இருக்க வேண்டும் என்பது சட்டம், அதாவது 49 வரை சிக்கரியாக இருக்கலாம். பாக்கெட்டில் அந்த அளவு அச்சிட்டிருக்கும். மல்லிக்கு 20க்குக் கீழே, முடிந்தால் சிக்கரியே இல்லாத பொடி. ரோஜாவும் தாழம்பூவும் சிக்கரியோடு மல்லுக்கட்டும், பரவாயில்லை.

ஸ்ட்ரா போடாதீர்கள். ஸ்ட்ரா போட்டால் அடியில் இருக்கும் காபிதான் வாய்க்கு வரும். விளிம்பில் வாய் வைத்துக் குடித்தால்தான் மூக்கு நுரையைத் தொடும்.

சோப்பு வாசம், ஊதுபத்தி வாசம் அடிக்கிறது

எசென்ஸ் கூடிவிட்டது. அல்லது சாப்பிடக் கூடாததை ஊற்றியிருக்கிறீர்கள். பன்னீர் வாங்கும்போது முகத்துக்குப் போடுவதா, சாப்பிடுவதா என்று லேபிளைப் பாருங்கள். சாப்பிடுவது என்றால் உணவுப் பாதுகாப்பு உரிம எண் இருக்கும். கல்யாண வரவேற்பில் தெளிக்கும் பன்னீர் காபிக்கு ஆகாது. அத்தர் எந்தக் காரணத்துக்காகவும் வேண்டாம். அது எண்ணெய், நுரையையும் கொல்லும், உடம்புக்கும் ஆகாது.

சாப்பிடும் பன்னீர் 100 மில்லி பாலுக்கு அரை டீஸ்பூன். ரோஸ் எசென்ஸ் என்றால் ஒரு சொட்டு, அதையும் பாலில் நேராகச் சொட்டாமல் பாகில் கலந்து ஊற்றுங்கள். தாழம்பூ நீர் கால் டீஸ்பூனைத் தாண்டக் கூடாது. தாண்டினால் கண்ணை மூடிக் குடிப்பவர்களுக்கு பிரியாணி நினைவுதான் வரும், நம் ஊரில் மூக்கு அதற்குத்தான் பழகியிருக்கிறது. ஏற்கெனவே கூடிவிட்டதென்றால் பாகில் இன்னொரு பங்கு வெறும் பாகைச் சேர்த்து, ஒரு சிட்டிகை உப்பைப் போடுங்கள், கசப்பும் கூர்மையும் தணியும்.

கசப்பு, துவர்ப்பு

ரோஜா இதழைக் கொதிக்கவிட்டிருப்பீர்கள். பாகை இறக்கி வைத்து, ஆவி அடங்கியதும் இதழைப் போட்டு மூடி, கால் மணி நேரத்தில் வடிகட்டிவிடுங்கள். இதழின் அடியில் வெள்ளையாக ஒரு முக்கோணம் இருக்கிறது பாருங்கள், கத்தரிக்கோலால் அதை நறுக்கிவிட்டால் பாதிக் கசப்பு போய்விடும். காய்ந்த ரோஜா இதழ் வேண்டுமென்றால் ராசப்ப செட்டித் தெருவில் நாட்டு மருந்துக் கடைகளில் கிடைக்கும். சாப்பாட்டுக்கு என்று சொல்லிக் கேளுங்கள். காய்ந்த இதழுக்கு 10 நிமிடம் போதும். சௌகார்பேட்டையில் கிடைக்கும் நல்ல குல்கந்து கைவசம் இருந்தால் இந்த வேலையே இல்லை, 1 ஸ்பூனை 2 ஸ்பூன் வெந்நீரில் கரைத்து, ஆறவைத்து வடிகட்டினால் அதுவே பாகு.

பால் திரிகிறது

அமிலம். பாட்டிலில் வரும் சில ரோஸ் சிரப்புகளில் சிட்ரிக் அமிலம் சேர்த்திருப்பார்கள். குளிர்ந்த பாலில் உடனே தெரியாது, நுரை மாவு மாவாக ஆகும். ஒரு ஸ்பூன் சிரப்பை இரண்டு ஸ்பூன் பாலில் கலந்து லேசாகச் சூடாக்குங்கள். உடைந்தால் அந்த சிரப் நுரைக்கு வேண்டாம், தண்ணீரில் கலந்து சர்பத்தாகக் குடித்துவிடலாம். ஹைபிஸ்கஸ் டீ என்று விற்கும் ரோசெல் பூவும் இதே கதைதான், அதன் சாறு நல்ல புளிப்பு. நிறத்துக்கு ஆசைப்பட்டுப் பாலில் ஊற்றாதீர்கள்.

நுரையில் கவுச்சி

பால் பாத்திரத்தை மூடாமல் வைத்திருக்கிறீர்கள். காசிமேட்டிலிருந்து வாங்கி வந்த மீன் அதே ஃப்ரிட்ஜில்தானே இருக்கிறது. பாலின் கொழுப்பு பக்கத்து வாசத்தை இழுத்துக்கொள்ளும். இறுக்கமான மூடி போட்ட டப்பாவில் பால், மீன் வேறு தட்டில், அதுவும் மூடி. ஐஸ் ட்ரேயையும் முகர்ந்து பாருங்கள், பல நேரம் குற்றவாளி ஐஸ்தான். ட்ரேயைக் கழுவி, காய்ச்சி ஆறின தண்ணீரில் புது ஐஸ் போடுங்கள்.

நிறம் மங்கலாக இருக்கிறது

சங்குப்பூ போட்டிருந்தால் இது வரும். நுரை தனியாக இருக்கும்போது நல்ல நீலம், காபியோடு கலந்த இடத்தில் சாம்பல். காபியின் பழுப்புக்கு முன்னால் நீலம் அப்படித்தான் ஆகும், சரிசெய்ய வழியில்லை. சங்குப்பூவுக்குச் சொல்லும்படி மணமும் கிடையாது. ரோஜா நுரை வெளிர் சிவப்பாக வேண்டுமென்றால் பீட்ரூட் துருவலைப் பிழிந்து மூன்று சொட்டு, அதற்கு மேல் போட்டால் மண் வாசம் வரும். மல்லி நுரை வெள்ளையாகவே இருக்கட்டும். மேலே ஒரு விரியாத மொட்டை வைத்துக் கொடுங்கள், தொட்டிப் பூவாக இருந்தால் மட்டும்.